இலவசக் கல்வித் தந்தை கன்னங்கரா

நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கி ஆண்டவன் முதலாம் இராசேந்திர சோழன். அவன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் ஒரு கல்லூரி நடைபெற்றது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூர்க் கோயிற் கல்வெட்டு அக்கல்லூரியின் கணக்கை விரிவாகச் சொல்கிறது. பயின்ற மாணாக்கர் 340 பேர். அவர்களுள் இளநிலையினர் 270 பேர், முதுநிலையினர் 70 பேர். மாணாக்கர் ஒருவரும் கட்டணம் செலுத்தவில்லை. மாறாக, அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. ஆசிரியர்க்கும் நெல்லும் பொன்னும் வழங்கப்பட்டன. இவற்றுக்கென 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது.

இலவசக் கல்லூரி என்பது நமக்குப் புதியதன்று என்று இதனைக் கொண்டு பெருமை கொள்ளலாம். ஆயினும் அப்பெருமையின் ஊடே ஒரு கேள்வியும் எழுகிறது. அந்த 45 வேலியையும் உழுதவர் யார்? நாற்று நட்டவர், களை பறித்தவர், கதிர் அறுத்தவர் யார்? அவர்தம் மக்களுள் ஒருவரேனும் அந்த 340 பேருள் இருந்திருப்பாரா? வேதமும் வியாகரணமும் மீமாஞ்சையும் பயிற்றிய அக்கல்லூரியின் வாயில் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பதை நாம் அறிவோம். கல்வி இலவசமாய் இருந்தது. அதன் செலவை ஏற்றவர் வேறு, அதனை நுகர்ந்தவர் வேறு.

இக்கேள்வியை நெஞ்சில் இருத்திக்கொண்டு, நமக்கு அண்மைத் தீவாகிய இலங்கையில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வியைச் சட்டமாக்கிய ஒரு பெருமகனின் வாழ்வை நோக்குவோம். அவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. சிங்கள மக்கள் அவரை இலவசக் கல்வியின் தந்தை என்று போற்றுகின்றனர். தமிழராகிய நாமும், குறிப்பாகப் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மக்களாகிய நாமும், அவரை அறிந்திருக்கக் கடமைப்பட்டுள்ளோம். அதன் காரணம் இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

இளமை

கிறிஸ்டோபர் வில்லியம் விஜயக்கோன் கன்னங்கரா 1884ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள், இலங்கையின் தென்கரையில் அம்பலாங்கொடையை அடுத்த இரந்தொம்பை என்னும் சிற்றூரில் பிறந்தார். அம்பலாங்கொடையில் இருந்த வெசுலியன் மிசன் பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்றார். குடும்பம் பெருஞ்செல்வம் உடையதன்று. காலி நகரத்துப் பெரிய ஆங்கிலப் பள்ளிகளில் கட்டணமும் விடுதிச் செலவும் கொடுத்துப் படிப்பது அந்நாளில் அவரைப் போன்ற சிற்றூர்ச் சிறுவர்க்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

அவர் வாழ்வின் திருப்பம் ஒரு பரிசளிப்பு விழாவில் நேர்ந்தது. காலி இரிச்மண்டு கல்லூரியின் முதல்வர் பாதிரியார் டாரல் விழாவுக்குத் தலைமை தாங்க வந்திருந்தார். ஒரே சிறுவன் மீண்டும் மீண்டும் மேடையேறிப் பரிசு பெற்றுச் செல்வதைக் கண்டு வியந்தார். இத்தனை நூல்களையும் வீட்டுக்குக் கொண்டுசெல்ல மாட்டுவண்டிதான் வேண்டும் என்று அவர் வேடிக்கையாகக் கூறியதாக அந்நாட்டார் இன்றும் சொல்வர். வேடிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை. சிறுவனைத் தேர்வெழுதச் செய்து, இரிச்மண்டில் கட்டணமின்றிப் பயிலவும் உண்டு உறையவும் உதவித்தொகைக்கு வழி செய்தார். பின்னர் 1906இல், தம் மாணாக்கர் நோயுற்றபோது அவர்களுக்குப் பணிவிடை செய்து, அக்காய்ச்சலுக்கே இரையாகி உயிர் நீத்த சான்றோர் அவர்.

கன்னங்கரா கணக்கில் தேர்ந்தார், விளையாட்டிலும் சிறந்தார். ஓர் ஆசிரியரின் கண் தம்மீது பட்டதால் தமக்குக் கல்வி கிடைத்தது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அந்தக் கண் படாமல் போன சிறுவர் எத்தனை பேர் என்னும் எண்ணமும் அவருக்கு எழுந்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்தவற்றை நோக்கினால் இவ்வாறு கருதத் தோன்றுகிறது. நற்பேற்றால் ஒருவர்க்குக் கிட்டியதை உரிமையாக எல்லார்க்கும் ஆக்குவதே அவர் வாழ்நாட்பணி ஆயிற்று.

அரசியல் வாழ்வு

படிப்பு முடித்தபின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர்ச் சட்டம் பயின்று, 1910இல் வழக்குரைஞராகிக் காலியில் தொழில் நடத்தினார். 1911இல் படித்த இலங்கையர்க்கென ஒதுக்கப்பட்ட சட்டசபை இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதன் போட்டியிட்டபோது, அத்தமிழ்ப் பெருந்தலைவரின் வெற்றிக்காக உழைத்தவர்களுள் கன்னங்கராவும் ஒருவர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆங்கில அரசு படைச்சட்டம் விதித்துக் கடுமையாக நடந்துகொண்டது. குற்றம் சாட்டப்பட்டோர்க்காக அவர் வழக்குமன்றங்களில் வாதாடினார். 1923இல் சட்டசபை உறுப்பினரானார். இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைமைப் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிறைந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கிய நாடுகளுள் ஆசியாவில் இலங்கையே முன்னோடி. அவ்வாண்டு அரசுக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கன்னங்கரா, கல்வி நிருவாகக் குழுவின் தலைவராகி, நாட்டின் முதற் கல்வி அமைச்சர் ஆனார். 1947 வரை பதினாறு ஆண்டுகள் அப்பொறுப்பில் நிலைத்திருந்தார். வாக்குரிமையும் இலவசக் கல்வியும் அடுத்தடுத்து வந்தது தற்செயலன்று. ஏழையின் வாக்கு மதிப்புப் பெற்ற பின்னரே ஏழையின் பிள்ளையும் ஆட்சியாளர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது.

இருவகைப் பள்ளிகள்

அந்நாளைய இலங்கைக் கல்வி இரு பிரிவாகப் பிளவுண்டு கிடந்தது. சிங்களமும் தமிழும் பயிற்றிய தாய்மொழிப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. ஆனால் அங்குப் படித்தவர்க்கு எதிர்காலமும் பெரிதாக இல்லை. மிஞ்சினால் ஒரு தாய்மொழி ஆசிரியராகலாம். எழுத்தர் பணி முதல் மருத்துவம், சட்டம் வரை அனைத்துக்கும் வாயில் ஆங்கிலப் பள்ளியே. அங்கோ கட்டணம். கட்டணம் செலுத்த இயன்றவர் மக்கட்டொகையில் மிகச் சிலர். ஆகவே இலவசக் கல்வி என்றால், ஏற்கெனவே இலவசமாய் இருந்த ஏழைப் பள்ளியை இலவசமாக்குவதன்று. மூடிக்கிடந்த ஆங்கிலப் பள்ளியையும் அதற்கு அப்பால் உள்ள பல்கலைக்கழகத்தையும் திறந்துவிடுவதே ஆகும். எதிர்ப்பு வலுத்தது இதனால்தான்.

1940இல் கன்னங்கரா தலைமையில் கல்விச் சிறப்புக்குழு ஒன்று அமைந்தது. 1942இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் ஐவர் செனிங்சைத் துணைவேந்தராகக் கொண்டு தோன்றியது. சிறப்புக்குழுவின் அறிக்கை 1943இல் வெளியாயிற்று. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் ஒழிதல் வேண்டும். தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைதல் வேண்டும். பாடத்திட்டம் பல்வகைத் திறன்களுக்கும் இடமளித்தல் வேண்டும் என அது பரிந்துரைத்தது.

யார் கொடுப்பது?

உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிறிய நாடு, அடிமை நாடு, உணவுக்கே வெளிநாட்டை நம்பியிருந்த நாடு. இவ்வளவு பெருஞ்செலவை யார் தாங்குவது என்னும் கேள்வி எழுந்தது இயல்பே. தத்தம் சமயம் சார்ந்த பள்ளிகளை நடத்தியவர்கள், அரசு உதவியை ஏற்றால் தங்கள் தனியுரிமை பறிபோகும் என அஞ்சினர். கட்டணம் வாங்கும் புகழ்பெற்ற பள்ளிகள், தரம் தாழும் எனக் கவன்றன. நாட்டின் செல்வாக்கு மிக்கோர் பலர் தயங்கினர். மறுபுறம், தமிழர் பகுதியில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் வழிவந்த ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் இத்திட்டத்தை உவந்து ஆதரித்தனர்.

இவ்விடத்தில் அவ்வாதத்தின் உள்ளே சற்றுப் புகுந்து பார்த்தல் தகும். ஏனெனில் அதே வாதம் இன்றும் உலகெங்கும் ஓய்ந்தபாடில்லை. கல்லூரிக் கல்வியால் பயன்பெறுபவர் பட்டம் பெற்றவரே. அவரே அதற்கு விலை கொடுக்கட்டும் என்பது ஒரு சாரார் கூற்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏன் இலவசம், ஏழைக்கு மட்டும் சலுகை தந்தால் போதாதா என்பது மற்றொரு கேள்வி. இரண்டும் எளிதில் தள்ளிவிடத்தக்கன அல்ல.

ஆயின் ஏழை என்று மெய்ப்பித்தால்தான் சலுகை என்னும்போது, ஒரு சிறுவன் தன் வறுமையைத் தாளில் எழுதி, அலுவலர் கையொப்பம் பெற்று, வகுப்பில் எல்லார் முன்னும் நீட்ட வேண்டியவனாகிறான். அந்த நாணத்துக்கு அஞ்சியே படிப்பை விட்டவர் பலர். எல்லார்க்கும் பொது என்றால் எவர்க்கும் இழிவில்லை. செல்வரிடம் பெறவேண்டியதைப் பள்ளி வாயிலில் பெறாமல், வரியாகப் பெற்றுக்கொள்ளலாம். பட்டம் பெற்றவரால் நாடும் பயன்பெறுகிறது என்பதையும் மறத்தலாகாது. மருத்துவர் ஒருவர் உருவானால் பிழைப்பது அவர் குடும்பம் மட்டுமன்று.

கழகத்தில் நெடிய வாதத்தின் பின் திட்டம் நிறைவேறியது. 1945ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் திட்டத்தில் சேர்ந்து, ஆசிரியர் ஊதியத்தை அரசிடம் பெற்றுக் கட்டணத்தைக் கைவிடலாம். அல்லது தனித்து நிற்கலாம் என்னும் நிலை உருவாயிற்று. தனித்து நின்றவை சிலவே.

மத்திய கல்லூரிகள்

கட்டணத்தை நீக்கிவிட்டால் மட்டும் குடிசைப் பிள்ளை கல்லூரிக்கு வந்துவிடாது என்பதைக் கன்னங்கரா அறிந்திருந்தார். பள்ளி நெடுந்தொலைவில் இருந்தால் கட்டணம் இல்லாததால் யாருக்குப் பயன்? சோறும் துணியும் தங்க இடமும் யார் தருவார்? ஆகவே தேர்தல் தொகுதிதோறும் ஒரு மத்திய கல்லூரி என்னும் திட்டத்தை முன்னரே தொடங்கியிருந்தார். நகரத்துப் பெரும்பள்ளிகளுக்கு நிகரான ஆய்வுக்கூடமும் நூலகமும் விளையாட்டிடமும் விடுதியும் கொண்ட பள்ளிகள் சிற்றூர்ப் புறங்களில் எழுந்தன. அவர் பதவி விலகுவதற்குள் அவை 54 ஆயின. ஐந்தாம் வகுப்பில் ஒரு தேர்வு. அதில் வென்ற ஏழை மாணாக்கர்க்கு உதவித்தொகையும் விடுதியும். டாரல் பாதிரியார் ஒரு சிறுவனுக்குச் செய்ததை அரசு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர்க்குச் செய்யும்படி அவர் அமைத்துவிட்டார் எனலாம். அத்தேர்வு இன்றும் அந்நாட்டில் நடைபெற்று வருகிறது.

இத்துணை செய்தவர் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மத்துகம தொகுதியில் தோற்றார். தாம் திறந்துவிட்ட பள்ளிகளில் பிள்ளைகள் நிறைந்துகொண்டிருக்கையில், விடுதலை பெற்ற இலங்கையின் முதல் நாடாளுமன்றத்தில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. பின்னர் இந்தோனேசியாவில் தம் நாட்டின் தூதராக இருந்தார். 1952இல் மீண்டும் வென்று, 1956 வரை உள்ளாட்சி அமைச்சராகப் பணியாற்றினார். கல்வித்துறை அவரிடம் திரும்பவில்லை. செல்வம் சேர்க்காத அவருக்கு முதுமையில் அரசே உதவித்தொகை வழங்க நேர்ந்தது. 1969 செப்டம்பர் 23ஆம் நாள், தம் 84ஆம் வயதில் மறைந்தார்.

தேயிலை கொடுத்த விலை

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். இலங்கை அரசின் வருவாய் பெரும்பாலும் ஏற்றுமதி இறக்குமதி வரிகளால் அமைந்தது. ஏற்றுமதியின் முதுகெலும்பு தேயிலையும் இரப்பரும் தென்னையும். மலையகத்தில் அத்தேயிலைக் கொழுந்தைக் கிள்ளியவர் யார்? திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகளின் துண்டுக் கடனில் கட்டுண்டு, மண்டபம் வழியே கடல் கடந்த நம் மக்கள். அந்நாளில் பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து வட்டங்களே. கண்டிச் சீமை என்னும் சொல் நம் வானம் பார்த்த பூமிகளில் பஞ்சத்தின் மறுபெயராக வழங்கியது.

இலவசக் கல்வியின் செலவைத் தாங்கிய தோள்களுள் கூடை சுமந்த அத்தோள்கள் முதன்மையானவை. ஆனால் அவர்தம் மக்களுக்குக் கிடைத்தது என்ன? தோட்டப் பள்ளிகள் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. ஓர் ஆசிரியர், ஓர் அறை, சில தொடக்க வகுப்புகள், அவ்வளவே. 1939ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்ததுண்டு. தோட்ட முதலாளிகளின் தடையால் அது ஏட்டளவில் நின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. அரியலூர் இரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று 1956இல் பதவி துறந்ததால் நம் மக்கள் நெஞ்சில் இடம்பெற்ற அதே சாஸ்திரியே இவ்வொப்பந்தத்தில் கையெழுத்திட்டார் என்பது வரலாற்றின் விந்தை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆன பின்னரே தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இலவசக் கல்வி பிறந்து ஒரு தலைமுறைக்காலம் கழிந்தே அது லயத்து வீடுகளின் படியேறியது.

பல்கலைக்கழக இடங்கள் சிலவாகவும் விரும்புவோர் பலராகவும் ஆனபோது வேறொரு துன்பமும் விளைந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் முறையால், தமிழ்வழியில் தேர்வெழுதிய மாணவர் மிகுந்த மதிப்பெண் பெற்றும் இடம் இழந்தனர். கட்டணம் நீங்கிய வாயிலிலும் வேறு காவலர் நிற்க முடியும் என்பதை அது காட்டியது.

இக்குறைகளைக் கன்னங்கராவின் மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. அவர் காலத்துக்குப் பின் வந்தவை பல. அவர் காலத்தனவும் அவர் ஒருவரால் ஆனவை அல்ல. ஆயினும் அவர் புகழைப் பாடும்போது இதனை மறைத்துப் பாடுதலும் நேர்மையாகாது. அவர் விரித்த பந்தி பெரிது. அப்பந்திக்கு அரிசி தந்தவருள் ஒரு சாரார் வெளியே நின்றனர் என்பதும் மெய்.

நமக்கு உரைப்பது

நம் நாட்டில் காமராசர், தாம் பள்ளிப்படிப்பை இடையில் விட நேர்ந்தவர், பள்ளிக் கட்டணத்தை நீக்கி மதிய உணவும் தந்து சிற்றூர்ப் பிள்ளைகளை வகுப்பறைக்கு அழைத்து வந்தார். அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் 2007-08 கல்வியாண்டு முதல் இளநிலைப் பட்டப்படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. அரியலூர்க் கல்லூரிக்கும் குரும்பலூர், வேப்பந்தட்டைக் கல்லூரிகளுக்கும் காலையில் பேருந்தில் செல்லும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது, கன்னங்கரா கண்ட கனவின் ஒரு பகுதி நம் சாலைகளிலும் நடமாடுவதை உணர்கிறோம்.

அவர்களுக்காகச் செலவிடுபவர் யார்? அரசு என்று விடை சொல்லிவிடுகிறோம். அரசுக்குத் தனியே ஒரு களஞ்சியம் இல்லை. மக்காச்சோளம் விதைத்தவரும், சின்ன வெங்காயம் ஆய்ந்தவரும், முந்திரிக் கொட்டை உடைத்தவரும், சுண்ணாம்புக்கல் வெட்டியவரும் வாங்கும் சோப்பிலும் சிமெண்டு மூட்டையிலும் செலுத்திய வரியே அது. அவர்கள் கட்டணச் சீட்டு வாங்காமலே கட்டணம் செலுத்தியவர்கள். ஆகவே இலவசம் என்னும் சொல்லைக் கேட்டு ஏளனம் செய்வோர்க்கு நாம் சொல்லவேண்டிய விடை ஒன்று உண்டு: அது இலவசமன்று, முன்கூட்டியே செலுத்தப்பட்டது. அதே வேளையில் இலவசத்தைப் பாராட்டி அமைதி கொள்வோர்க்கும் ஒரு கேள்வி உண்டு: செலுத்தியவரின் பிள்ளை உள்ளே வந்துவிட்டதா?

புறநானூற்றின் 183ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ஆசிரியர்க்கு இடுக்கண் வந்தால் உதவியும் மிக்க பொருள் தந்தும் கல்வி கற்கவேண்டும் என்கிறான். பொருள் இல்லாதவன் என்ன செய்வான் என்னும் கேள்விக்கு விடை காண நமக்கு இருபது நூற்றாண்டுகள் ஆயின. அவன் தாய் கிள்ளிய கொழுந்திலும் தந்தை உழுத சாலிலும் அப்பொருள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பதே அவ்விடை. அவ்விடையைச் சட்டமாக எழுதியவர்களுள் கன்னங்கரா முன்வரிசையினர்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தைப் பலமுறை பாடியிருக்கின்றனர். எண்ணாயிரத்து 45 வேலியை உழுதவரையும், மலையகத்துப் பனியில் கூடை சுமந்த நம் பாட்டிமாரையும் இனிப் பாடுவாராக. கல்விக்கு விலை கொடுத்தும் கல்வியின் வாயிலைக் காணாது மறைந்த அவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.